பொருள்: உலர்புல் கட்டில் அரளி இலை கலந்து வந்து குதிரை இறந்தது தொடர்பாக

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இரண்டு குதிரைகளை வைத்து மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு ஓட்டிப் பிழைப்பவன் நான். இரண்டு வருடமாக உங்களிடம்தான் உலர்புல் வாங்குகிறேன். மார்ச் 3 அன்று உங்கள் லாரி 20 கட்டு இறக்கியது. அன்று மாலை அதைத் தின்ற என் செவலை மறுநாள் விடிவதற்குள் செத்துப்போனாள். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குட்டியாக வாங்கி வளர்த்தவள். வெள்ளையன் பாதிப் புல்லை உதறிவிட்டதால் பிழைத்துக்கொண்டான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கழிச்சல் வேறு. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வயிற்றுவலி என்று நினைத்து, எப்போதும் செய்வதுபோல வாசலில் பிடித்து நடத்தினேன். கால்நடை மருத்துவர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டதுமே, "முதல்ல நிறுத்துங்க, ஒரு அடி நடத்தாதீங்க" என்றார். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 தடவை துடிக்கிற இதயம் 80-ஐத் தாண்டி, நடுநடுவே நின்று நின்று ஓடியது. அரளி விஷம் இதயத்தைத்தான் பிடிக்குமாம். எனக்கு அது தெரியாமல் நடத்திவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரித்தூள் கரைத்து ஊற்றிப் பார்த்தார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான்.

காலையில் மிச்சக் கட்டைப் பிரித்து உதறினேன். புல்லோடு புல்லாக விரல் நீளத்தில் விறைத்த இலைகள், நடுநரம்பு வெளுத்து, சில இடத்தில் குச்சியில் மூன்று மூன்றாக ஒட்டியபடியே கிடந்தன. உடலை அறுத்துப் பார்த்தபோது அவள் வயிற்றிலும் அதே இலைத் துண்டுகள் இருந்தன. சாலையோரம் வெட்டிக் காயவைத்த புல் என்று உங்கள் ஓட்டுநரே சொன்னார். அங்கே அரளி வரிசை இருந்ததை யாரும் பார்க்கவில்லையா?

உங்கள் அலுவலகத்தில் பேசியவர், "விஷம்னா குதிரையே ஒதுக்கிடுமே" என்றார். பச்சையாக இருந்தால் ஒதுக்கும்தான், அவ்வளவு கசப்பு. ஆடு மாடு கடிக்காது என்றுதானே வேலியில் அரளி வைக்கிறோம். காய்ந்தால் கசப்பு குறைந்துவிடும், விஷம் குறையாது. இருபது இலை உள்ளே போனாலே ஒரு குதிரையின் உயிருக்கு ஆபத்து. சாவுக்குக் காரணம் அவள் வாய் என்று சொல்லாதீர்கள்.

அதே லாரி எனக்கு முன்னால் ஒரு பால்பண்ணையில் இறக்கிவிட்டு வந்தது. மாட்டுக்கும் இது விஷம்தான். அன்றைய சரக்கு வாங்கிய எல்லோருக்கும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள், அதுதான் முதல் வேலை. அப்புறம் குதிரையின் விலை, வைத்தியச் செலவு, புல்லுக்குக் கொடுத்த பணம் மூன்றையும் 15 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். மருத்துவர் சான்றும் ரசீதும் இணைத்துள்ளேன்.

மீதி 18 கட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்கும் விற்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகையும் ஆகாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்