மாதிரிக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான கட்டுரையை எழுதத் தொடங்கும் மாணவர்கள், முன்பு இடம் கிடைத்தவர்களின் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். இத்தகைய எழுத்தைப் பார்த்தே இராத மாணவருக்கு நல்ல மாதிரி பெருந்துணை. ஆனால், பலர் அதிலிருந்து வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு 2007இல் ஏறத்தாழ 50,000 கட்டுரைகளை ஆராய்ந்தபோது, எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்து இரவு உடையில் ஓட்டை விழுந்த ஒரே கதை 234 விண்ணப்பங்களில் இருந்தது. இன்று அங்கே ஒவ்வொரு கட்டுரையையும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நகல் என்ற ஐயம் எழுந்தால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகிறது.

மாதிரியில் ஒரு மாணவி, கரைசலின் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தல் சோதனையில் தன் அளவீடுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டதையும், பியூரெட் என்ற அளவுக்குழாயைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்காததே காரணம் என்று கண்டுபிடித்ததையும், அதன்பின் அளவீட்டுப் பிழைகளைப் பற்றித் தேடிப் படித்ததையும் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கற்க வேண்டியது பியூரெட்டை அல்ல. செய்தது, ஐயுற்றது, அதனால் மேலும் தேடியது என்ற வரிசையை. அந்த இடங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டு, மாதிரியை மூடிவைத்துவிட்டு, தன் அனுபவத்தில் அதற்கு ஈடானது எது என்று மாணவர் தேட வேண்டும். "சிறுவயது முதலே தணியாத ஆர்வம்" என்ற வரி அப்போது தானாகவே தேவையற்றுப் போகும்.

மாதிரியின் காலத்தையும் பார்க்க வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் ஒரே நீள்கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்கிறது. இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொரு விடையும் குறைந்தது 350. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தின் கட்டுரைக்கோ 650 சொற்களே உச்சவரம்பு. பழைய மாதிரியின் வடிவம் இவற்றுக்குப் பொருந்தாது.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன்: பெயரை மட்டும் மாற்றிய கடிதம் எந்த மாணவருக்கும் உதவாது.

தங்கள் கல்விப் பக்கத்தில், எழுதியவரின் ஒப்புதலோடு, ஒரு கட்டுரையின் முதல் வரைவையும் இறுதி வடிவத்தையும் அருகருகே வைத்து, எது ஏன் நீக்கப்பட்டது என்ற குறிப்புகளுடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு ஆசிரியர் ஒருவர்