'சி' என்ற எழுத்தும் ஒரு சுவரும்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்ற வரிக்கு வந்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன், உடலில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ஏறியிருந்ததாக எழுதியிருந்தாய். அந்தப் பெயரின் முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1930இல் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரோடு நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து பிரித்த ஒரு பொருளைச் சேர்த்தபோது வீழ்படிவு உண்டாவதைக் கண்டார்கள். அந்தப் பொருளுக்கு 'சி' என்று பெயர். அது டெய்க்கோயிக் அமிலம் என்பது வெகுகாலம் கழித்தே புரிந்தது. அதில் தொங்கும் பாஸ்போகோலின் என்ற சிறு தொகுதியைத்தான் சி.ஆர்.பி. பற்றிக்கொள்கிறது.

இரண்டு மாதமாக இந்த அமிலத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்) பாக்டீரியாவின் சுவர் என்றால் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பின்னிய தடித்த பெப்டிடோகிளைக்கான் வலை என்று நாம் பரீட்சையில் எழுதினோம். டெய்க்கோயிக் அமிலத்துக்கு ஒரே ஒரு வரி. சில இனங்களில் சுவரின் எடையில் பாதியளவு அதுதான்!

பிரிட்டிஷ் வேதியியலாளர் பேடிலியின் குழு 1958இல் இதைக் கண்டறிந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிளிசராலையும் ரிபிட்டாலையும் சுமந்த இரண்டு நியூக்ளியோட்டைடுகள் முதலில் கையில் கிடைத்தன. இவை எதற்காக என்ற கேள்விதான் அவர்களைச் சுவர்வரை கொண்டுபோனது. அமிலத்தின் பெயரும் அதையே சொல்கிறது: டெய்கோஸ் என்றால் கிரேக்கத்தில் மதில்.

அமைப்பு எளியது. ஒரு சிறிய ஆல்கஹால், ஒரு பாஸ்பேட், மறுபடி ஆல்கஹால், மறுபடி பாஸ்பேட் என்று நீளும் சரம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் சுவரில் அந்த ஆல்கஹால் ரிபிட்டால். பேசில்லஸ் சப்டிலிஸின் பல வகைகளில் கிளிசரால். சுவரைச் சேர்ந்த சரம், இரண்டு சர்க்கரைகள் கொண்ட ஓர் இணைப்பு வழியாக, பெப்டிடோகிளைக்கானில் உள்ள முராமிக் அமிலத்தின் ஆறாவது கார்பனில் பிணைகிறது. லிப்போடெய்க்கோயிக் அமிலம் என்ற இன்னொரு வகையோ தன் கொழுப்பு முனையைச் செல் சவ்வுக்குள் ஊன்றி நிற்கிறது.

என்னை உலுக்கியது டி-அலனின் என்ற அமினோ அமிலம். பாஸ்பேட் ஒவ்வொன்றும் எதிர்மின்னூட்டம் தருகிறது. சரத்தில் ஆங்காங்கே எஸ்டராக ஒட்டும் டி-அலனினின் அமினோ தொகுதி நேர்மின்னூட்டத்தோடு அதைத் தணிக்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் நம் உடலின் சிறு புரதங்களான டிஃபென்சின்கள் நேர்மின்னூட்டம் உள்ளவை. எதிர்மின்னூட்டம் குறைந்த சுவரில் அவை எளிதில் ஒட்டுவதில்லை. டி-அலனினைச் சேர்க்கும் மரபணுக்களை நீக்கிவிட்டால் அதே ஸ்டெஃபைலோகாக்கஸ் டிஃபென்சின்களுக்கு எளிதில் இரையாகிறது. அந்த எஸ்டர் காரத்தில் சட்டென்று உடைந்துவிடும். ஆகவே காரத்தால் பிரித்தெடுத்தால் முக்கியமான பகுதியே கைவிட்டுப் போய்விடுகிறது.

இன்னொன்று கேள். பாஸ்பேட் கிடைக்காமல் போனால் பேசில்லஸ் சப்டிலிஸ் இந்தச் சரத்தை விட்டுவிட்டு, குளுக்குரோனிக் அமிலம் கொண்ட டெய்க்குரோனிக் அமிலத்தைக் கட்டுகிறது. பாஸ்பேட்டை விட்டுக்கொடுத்தாலும் எதிர்மின்னூட்டத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை, பார்த்தாயா?

நீ ஆயுள் முழுவதும் பாலிமர்களோடு பழகியவன். இப்படி மின்னூட்டம் நிறைந்த சரங்கள் நெருக்கமாக நிற்கும்போது, மெக்னீசியம் அயனிகள் நடுவில் புகுந்தால் அவை விறைத்து நிற்குமா, சுருண்டுகொள்ளுமா? உடம்பு முழுதாகத் தேறிய பிறகு ஒரு படம் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
சேகர்