டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலைக்குப் புறப்படுமுன், மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு அப்பா சிரித்துச் சமாளித்துவிட்டார். எனக்கு அது மனதுக்குச் சரியாகப் படவில்லை. "கனடாவின் வடக்கே இருக்கும் இனுவிக் ஊருக்கு விமானம் போகிறதுதானே, இந்த வயதில் ஏன் வண்டியில்?" என்று லண்டனில் இருந்து நீ கேட்டது பயத்தில்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் நாங்கள் என்ன ஆயத்தம் செய்கிறோம் என்று விபரமாக எழுதுகிறேன். கடைசியில் உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் ஏன் என்று சொல்கிறேன். இத்தனை வருடம் கனடா, கனடா என்று சொல்லி நாங்கள் பார்த்தது இந்த நாட்டின் தெற்கு ஓரத்தை மட்டும்தான். அதற்கு மேலே கிடக்கும் நிலத்தை விமான ஜன்னலால் பார்த்தால் எனக்குப் போதாது. மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி, ஒரு இடத்தில் இல்லாமலே போவதைத் தரையில் இருந்து பார்க்க வேண்டும். அப்பாவுக்கு வண்டி ஓட்டுவதில் ஆசை, எனக்கு இதில் ஆசை. இது என் பயணம் என்றே வைத்துக்கொள்.

எட்மன்டனில் இருந்து டோசன் கிரீக் போனால் அங்கே அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்குகிறது. 1942இல் அமெரிக்க இராணுவம் யுத்தத்துக்காக அவசரமாக வெட்டிய தெரு அது. இப்போது தார் போட்டு நன்றாக இருக்கிறது. வைற்ஹோர்ஸ் வரைக்கும் பெற்றோல், சாப்பாடு, தங்குமிடம் எதற்கும் குறையில்லை, அந்தப் பகுதியை நினைத்து நீ நித்திரை கெடாதே. வைற்ஹோர்ஸுக்கு மேலே, டோசன் சிற்றிக்கு 40 கி.மீ. இருக்கும்போது வலக்கைப் பக்கம் ஒரு கிறவல் தெரு பிரிகிறது. 1979இல் திறந்த டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை அதுதான். இனுவிக் வரை ஏறக்குறைய 740 கி.மீ. அங்கிருந்து 2017 நவம்பரில் திறந்த புதுத் தெருவில் இன்னும் 140 கி.மீ. போனால் டுக்டோயாக்டுக். அந்த ஊரோடு தெரு முடிகிறது, அடுத்தது ஆர்க்டிக் சமுத்திரம்.

வாடகை மோட்டர்ஹோம்களை, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டிகளை, பல கம்பனிகள் டெம்ப்ஸ்டரில் ஓட விடுவதில்லை. "இருக்கிற காசைக் கொண்டுபோய் ஏன் பழைய வண்டியில் போட்டீர்கள்" என்று நீ அப்பாவைக் கேட்டாயே, காரணம் இதுதான்.

அந்தத் தெரு எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்தால் எங்கள் ஆயத்தம் ஏன் இப்படி என்று விளங்கும். அடியில் கிடப்பது வருடம் முழுக்க உறைந்தே இருக்கும் நிலம். தெருவின் சூடு பட்டால் அது உருகும், தெரு தாழ்ந்துவிடும். அதனால் இடத்துக்கு இடம் 2.4 மீற்றர் வரைக்கும் கிறவலைக் குவித்து, ஒரு அணைக்கட்டு மாதிரி உயர்த்தி, அதற்கு மேலே தெருவை ஓடவிட்டிருக்கிறார்கள். ஓரம் இளகியிருக்கும், பாரமான வண்டி கரைக்குப் போனால் சரிந்துவிடும். படம் எடுக்க வேண்டும், தேநீர் வைக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் ஒதுக்க முடியாது. ஒதுக்குவதற்கென்று விட்ட இடங்களில் மட்டும் நிற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். லொறி எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் அணைந்து, அது போக விடுவது. லொறிச் சில்லு கிளப்பும் கல்லில்தான் முன்கண்ணாடிகள் உடைகின்றன.

எங்கள் பெரிய வேலை ரயரில்தான். அங்கே போட்டிருக்கும் கல் சில இடங்களில் கத்தி விளிம்பு போல இருக்கும். எங்கள் வண்டி ஃபோர்ட் ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டியது. பின்னுக்கு இரட்டைச் சில்லு, ஆக ஆறு ரயர். ஆறையும் புதிதாகப் போட்டாயிற்று, மேலதிகமாக இரண்டு முழு ரயர் கொண்டுபோகிறோம். இரட்டைச் சில்லுக்கு நடுவே கல் இறுகிக்கொண்டால் இரண்டு ரயரின் பக்கத்தையும் தின்றுவிடும், ஆகவே நிற்கும் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் நோ என்பதால் அது என் பொறுப்பு. ஜாக்கியும் வீட்டு முற்றத்தில் வைத்துத் தூக்கிப் பார்த்ததுதான், புதுப் பெட்டியோடு கொண்டுபோகவில்லை.

கிறவலில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓடினால் கூர்க்கல் குத்துவது குறையும். எவ்வளவு குறைக்கலாம் என்பது வண்டியின் நிறையைப் பொறுத்தது. அதனால் தண்ணீர், பெற்றோல், புரொப்பேன் எல்லாம் நிரப்பி, நாங்களும் ஏறி உட்கார்ந்து, லொறி நிறுக்கும் இடத்தில் நிறுத்துப் பார்த்தோம். இந்த வண்டிக்கு 14,500 இறாத்தல், அதாவது 6,577 கிலோ, அதுதான் எல்லை. எல்லைக்கு மிகக் கிட்ட நின்றது. அன்றைக்கு இரவே ஒவ்வொன்றாக இறக்கினேன். இரும்புத் தாச்சி போனது, ரின் சாப்பாட்டில் பாதி போனது, அப்பாவின் மடக்குக் கதிரைகளில் இரண்டு போயின. தண்ணீரை மட்டும் குறைக்க நான் விடவில்லை.

சாப்பாடு என்றால் புட்டுமா வறுத்து அடைத்துவிட்டேன். அரிசி, பருப்பு, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள் இருக்கிறது. கருவாடு கிடையாது. அப்பா முகத்தைச் சுழித்தார், ஆனால் அது கரடிகளின் நாடு, மணக்கிற எதையும் வெளியே சமைக்கவும் மாட்டோம், வைக்கவும் மாட்டோம். கண்ணாடிப் போத்தல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றினேன். அந்தத் தெருவில் வண்டி உதறுகிற உதறலில் அலுமாரிக் கதவு தானாகத் திறக்கும், திருகாணி கழன்று விழும் என்று போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாக் கதவுக்கும் கொக்கி போட்டாயிற்று. தூசி நுழையும் இடுக்குகளுக்கு நாடா ஒட்டியிருக்கிறோம். படுக்கை ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணியும் தைத்துவிட்டேன். ஜூலை தொடக்கத்தில் இனுவிக்கில் சூரியன் மறையவே மாட்டாது, இருட்டு இல்லாமல் அப்பாவுக்கு நித்திரை வராது என்று உனக்குத் தெரியும்தானே.

அந்தத் தெருவின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1910 டிசம்பர் 21ஆம் திகதி பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஃபிட்ஸ்ஜெரால்டும் வேறு மூவரும் ஃபோர்ட் மக்பெர்சனில் இருந்து நாய்வண்டிகளில் டோசனுக்குப் புறப்பட்டார்கள். வேகமாகப் போக வேண்டும் என்று வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பாடு எடுத்தார்கள். வழிகாட்டியாகப் போனவர் அந்த வழியில் முன்பு ஒரேயொரு தடவை, அதுவும் எதிர்த்திசையில் வந்தவர். நிலம் தெரிந்த, அந்தப் பகுதிப் பூர்வகுடியான குவிச்சின் இனத்தவர் ஒருவரைச் சில நாள் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டோசன் பக்கம் பிரிந்து போக வேண்டிய ஓடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாட்கணக்காகத் தேடி, சாப்பாடு முடிகிற கட்டத்தில்தான் வந்த வழியே திரும்பினார்கள். நாய்களையே கொன்று தின்ன வேண்டி வந்தது. நால்வருமே வழியில் இறந்துபோனார்கள். இன்ஸ்பெக்டரின் உடல் கிடந்த இடத்தில் இருந்து ஃபோர்ட் மக்பெர்சன் 40 கி.மீ. அளவுதான். 1911 மார்ச்சில் தேடிப் போய் அவர்களைக் கண்டுபிடித்தவர் கோப்ரல் டெம்ப்ஸ்டர், அவரோடு குவிச்சின் வழிகாட்டி ஒருவரும் போனார். நால்வரின் கல்லறையும் எங்கள் தெரு வழியில் வரும் ஃபோர்ட் மக்பெர்சனில் இருக்கிறது, அங்கே இறங்கி நிற்க விரும்புகிறேன்.

வாசித்தபோது என் மனதில் தங்கியது அவர்கள் ஓடையைத் தேடிக்கொண்டே இருந்த நாட்கள். சாப்பாடு இருக்கும்போதே திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே எப்போது திரும்புவது என்பதை நாங்கள் இங்கேயே, வீட்டு மேசையில் இருந்து தீர்மானித்துவிட்டோம். டோசனில் பெற்றோல் நிரப்பிப் புறப்பட்டால் டெம்ப்ஸ்டரில் அடுத்த பம்ப் அந்தத் தெருவின் 369ஆவது கிலோமீற்றரில், ஈகிள் பிளெயின்ஸில்தான். அதற்கு முன்பே மேலதிக ரயர் இரண்டும் போய்விட்டால், சரிசெய்யாமல் ஈகிள் பிளெயின்ஸைத் தாண்ட மாட்டோம். மழை விடாமல் பெய்தால் அந்தத் தெரு சேறாகி வழுக்கும், அப்போது நிற்கிற இடத்திலேயே காத்திருப்போம். பீல் ஆற்றிலும் மக்கென்சி ஆற்றிலும் பாலம் கிடையாது, கோடையில் ஃபெரிதான். வெள்ளம் ஏறி மரங்கள் அடித்து வந்தால் ஃபெரியை நிறுத்திவிடுவார்கள். அதற்காகவே நாட்களைத் தாராளமாக விட்டிருக்கிறோம், திரும்பும் திகதிக்கென்று ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உன் மாமாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கும் வருகிறோம் என்று சொல்லவில்லை. அவர் கோபித்தால் நீ எடுத்துச் சொல்.

அப்பாவின் பிரஷர் மருந்தும் சீனி மருந்தும் போகும் நாளைப்போல இரண்டு மடங்குக்கு வாங்கி இரண்டு பையில் பிரித்திருக்கிறேன். டொக்டரிடம் போய் முழுப் பரிசோதனையும் முடிந்தது. இனுவிக்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இனி உன் வேலை. ஊர்களை விட்டால் அந்தத் தெருவில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. அதனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வண்டியை நிறுத்தியதும் நிற்கும் இடத்தோடு உனக்கு ஒரு செய்தி வரும். உனக்கு அப்போது நடுச்சாமம், எழும்பிப் பார்க்க வேண்டாம், காலையில் பார். ஒரு நாள் வராவிட்டால் ஒன்றும் செய்யாதே. மலைக்குப் பின்னால் நின்றாலும் வராது, கருவியில் சார்ஜ் இறங்கினாலும் வராது. இரண்டாம் நாளும் வராவிட்டால், நான் அனுப்பும் தாளில் உள்ள பொலிஸ் நம்பருக்கு எடுத்து, கடைசியாக வந்த இடத்தையும் வண்டியின் இலக்கத்தையும் சொல். அந்தத் தாளில் எங்கே எந்த நாளில் இருப்போம், என்ன மருந்து, என்ன நிறத்து வண்டி எல்லாம் எழுதியிருக்கிறேன். தம்பியிடம் இதைக் கொடுக்கவில்லை. அவன் முதல் நாளே பொலிசைக் கூப்பிட்டுவிடுவான். நீ பொறுத்திருந்து யோசிக்கிற பிள்ளை, அதனால்தான் உன்னிடம் தருகிறேன்.

தாள் கிடைத்ததும் வடிவாக வாசித்து, விளங்காததைக் கேள். நீ சம்மதம் என்று சொன்ன பிறகுதான் கருவியில் உன் நம்பரைப் பதிவேன், அதற்குப் பிறகுதான் புறப்படுவோம். ஜூன் கடைசி வாரம் என்று நினைத்திருக்கிறோம். வேலை நெருக்கமாக இருந்தால் மறைக்காமல் சொல், ஒரு கிழமை தள்ளிப்போடலாம்.

அன்புடன்,
அம்மா