முதல் சம்பளக்காரர்களுக்கு மாதக் கணக்கும் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பித்து வருகிறேன். எங்கள் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் சென்னைக்கும் கோவைக்கும் ஓசூருக்கும் வேலைக்குச் சென்று, முதன்முறையாகத் தனியே அறை எடுத்துத் தங்குகிறார்கள். வேலை கிடைப்பதற்காக நேர்காணல் முதல் ஆங்கிலப் பேச்சு வரை எத்தனையோ பயிற்சிகளை அளிக்கிறோம். கிடைக்கும் சம்பளத்தை மாதம் முழுவதற்கும் எப்படிப் பங்கிடுவது என்பதை மட்டும் எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சம்பளம் வாங்கும் பிள்ளைகள் மாதக் கடைசியில் ஊரிலிருந்து பணம் கேட்பதும், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கைப்பேசிச் செயலிகளில் கடன் வாங்குவதும் வழக்கமாகி வருவதால் இதை எழுதுகிறேன்.

குழப்பம் பணி நியமனக் கடிதத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 3.6 லட்சம் ரூபாய் என்று கடிதத்தில் இருந்தால், வீட்டிலுள்ளோர் அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 30,000 ரூபாய் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும், பல இடங்களில் பணியிலிருந்து விலகும்போது தரப்படும் பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஒதுக்கீடும் மருத்துவக் காப்பீட்டுத் தவணையும் அந்த ஆண்டுத் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று கொண்டால், அதில் 12 சதவீதமான 1,800 ரூபாய் ஊழியரின் பங்காகவும், அதே அளவு நிறுவனத்தின் பங்காகவும் வைப்பு நிதிக்குப் போய்விடும். பணிக்கொடைக்கு ஏறத்தாழ 720 ரூபாய் ஒதுக்கப்படும். ஆக, கைக்கு வருவது 25,700 ரூபாய்க்கும் குறைவு. தொழில் வரி பிடிக்கும் மாதத்தில் அதுவும் குறையும். வைப்பு நிதி அவர்களுடைய சேமிப்பே என்பதில் மறுப்பில்லை. ஆனால் அதைக் கொண்டு இந்த மாத வாடகையைக் கொடுக்க முடியாது. எனவே, கைக்கு வரும் தொகை எவ்வளவு என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

அடுத்த சுமை அறைக்கான அட்வான்ஸ். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பொதுவிதி மூன்று மாத வாடகைக்கு மிகாமல் அட்வான்ஸ் வாங்கலாம் என்பதே. ஆயினும் சென்னையில் அதற்கு மேல் கேட்கும் வீடுகள் இன்றும் உண்டு. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே தேவைப்படும் இத்தொகை பெரும்பாலும் நகையை அடகு வைத்தே திரட்டப்படுகிறது. அப்படியானால் அந்த அடகின் வட்டியையும் மாதச் செலவில் ஒரு வரியாக எழுத வேண்டும். பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவது சரியன்று.

வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கணக்கைக் குலைப்பவை மாதந்தோறும் வராத செலவுகளே. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. (முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், உரிமையாளர் தனி மீட்டர் பொருத்தி யூனிட்டுக்கு ஒரே விலை வசூலிக்கும் வீடுகளில் அந்தச் சலுகை குடியிருப்பவரின் கைக்கு வருவதில்லை; குடியேறும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.) இருசக்கர வாகனக் காப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்பாகத்தான் தொடங்குகிறது; ஆகவே பொங்கல் பயணச்சீட்டுக்கான பணம் நவம்பர் மாதமே கையில் இருக்க வேண்டும். அப்போது தவறவிட்டவர்கள் கடைசி நேரத்தில் ஆம்னி பேருந்துக்குப் பல மடங்கு கொடுக்கிறார்கள். இத்தகைய செலவுகளையெல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த நாளிலேயே வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவது ஒன்றே எனக்குத் தெரிந்து பலன் தரும் வழி.

வருமானத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் விருப்பத்துக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்று ஒரு சூத்திரம் பரவலாகச் சொல்லப்படுகிறது. இருபத்தைந்தாயிரம் ரூபாயில் சென்னையில் வாழ்ந்துகொண்டு, தங்கையின் படிப்புக்கும் அனுப்பும் பிள்ளைக்கு அது பொருந்தாது. எங்கள் மாணவர்களில் பலர் அவர்கள் குடும்பத்தின் முதல் மாதச் சம்பளக்காரர்கள். வீட்டுக்கு அனுப்பும் பணம் அவர்களுக்கு மிச்சத்தில் கொடுப்பதன்று; வாடகையைப் போல முதலிலேயே எடுத்துவைக்க வேண்டியது. அதனால்தான் கைக்கு வரும் சரியான தொகையைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லி, மாதம் இவ்வளவு என்று இருதரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். முப்பதாயிரம் என்று நம்பியிருக்கும் தகப்பனாரிடம் உண்மையைச் சொல்லத் தயங்கியே கடன் அட்டையில் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்டை நிலுவைக்குப் பெரும்பாலும் மாதம் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் வட்டி விதிக்கப்படுகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் அடைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கல்விக் கடன் பெற்றவர்களுக்குப் படிப்பு முடிந்த சில காலத்தில் தவணையும் தொடங்கிவிடும் என்பதை மறக்கலாகாது.

2022-இல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ்க் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் நடந்து வருகின்றன. அதில் இறுதிப் பருவத்தில் சில மணி நேரத்தையேனும் ஒதுக்கி, உண்மையான சம்பளச் சீட்டு ஒன்றையும் வாடகை ஒப்பந்தம் ஒன்றையும் கையில் கொடுத்து, ஓராண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை மாணவர்களே போடும்படி செய்ய வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களும், ஆண்டுத் தொகைக்குப் பக்கத்திலேயே மாதம் கைக்கு வரும் தொகையையும் பிடித்தங்களையும் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.