சாவியைக் கொடுங்கள், தவணையை மாதாமாதம் வாங்கிக்கொள்ளுங்கள்

மதுரையில் அரசு அடுக்குமாடி வீடுகளை ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் செல்லூரில் எங்கள் தெருவுக்கு வந்த கடிதம் நீங்கள் அனுப்பியதுதான் என்பதால் விவரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பயனாளி பங்குத்தொகையில் மீதி இரண்டு லட்சத்தை 15 நாளுக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும், தவறினால் ஒதுக்கீடு ரத்து, வீடு பட்டியலில் அடுத்தவருக்கு. ரத்து என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த இடத்தில் விரலை வைத்து என்னவென்று கேட்டார்கள்.

எங்கள் காம்பவுண்டில் ஓர் அக்கா இருக்கிறார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தினார்கள். இருக்கை வந்துவிட்டது, உட்காரத்தான் விடுவதில்லை.) வீட்டுக்காரர் கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை இறக்குகிறார். இரண்டு பிள்ளைகள். மூன்று லட்சம் ஒத்திக்கு (வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் திரும்பக் கிடைக்கும்) ஓர் அறையும் அடுப்படியும். கக்கூஸ் காம்பவுண்டுக்கே பொது. நகையை விற்று, சீட்டு எடுத்து, அண்ணனிடம் கைமாற்று வாங்கிச் சேர்த்த அந்த மூன்று லட்சம்தான் அவர்களுடைய மொத்தச் சொத்து. அந்தப் பணத்துக்குள்தான் குடியிருக்கிறார்கள்.

இப்போது உங்களுக்குக் கட்ட வேண்டுமானால் ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டாலும் அடுத்த ஆள் ஒத்திக்கு வந்தால்தான் வீட்டு ஓனர் தருவார். அது 15 நாளில் நடக்காது. ஓனர் நல்ல மனிதர், நாளைக்கே எண்ணி வைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பணத்தை வாங்கிய அன்றே வீட்டைக் காலி பண்ண வேண்டும். எங்கே போவது? உங்கள் பிளாக்கில் இன்னும் மின் இணைப்பு வரவில்லை, குடிநீர்க் குழாய் வரவில்லை, சாவி எப்போது என்று கேட்டால் மேலே இருந்து உத்தரவு வர வேண்டும் என்கிறீர்கள். அதுவரை வாடகை வீடு. இந்தப் பக்கம் ஆறாயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது, அட்வான்ஸ் பத்து மாதம். இதுவரை வாடகையே கொடுக்காமல் இருந்த குடும்பம், அரசு வீடு கிடைத்த பாவத்துக்கு அட்வான்ஸும் கொடுத்து மாதாமாதம் ஆறாயிரமும் அழ வேண்டும்.

அக்கா உங்கள் அலுவலகத்துக்குப் போய் இதைச் சொன்னபோது, "பேங்க்ல லோன் போடுங்கம்மா" என்று பதில் வந்தது. போனார். சம்பளச் சீட்டு எங்கே என்றது பேங்க். கடையில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவருக்கு யார் சீட்டு கொடுப்பார்கள்? சரி, வீட்டுப் பத்திரத்தையாவது வையுங்கள் என்றார்கள். பத்திரமோ, நாங்கள் முழுப் பணமும் கட்டிய பிறகுதான் நீங்கள் தருவீர்கள். மிச்சமிருப்பது வட்டிக்காரர்தான். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

ஆண்டு வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினால் இந்த வீடு கிடையாது என்பது விதி. 3 லட்சத்துக்குள் சம்பாதிக்கிறவரிடம் 15 நாளில் இரண்டு லட்சம் கேட்பது எந்த விதி? பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் மத்திய அரசே தன் பங்கான ஒன்றரை லட்சத்தை 40, 40, 20 சதவீதம் என்று மூன்று தவணையாகத்தான் விடுவித்தது. டெல்லிக்குத் தவணை உண்டு, கீழமாரட் வீதிக்கு மட்டும் ஒரே மூச்சில் கட்ட வேண்டுமா?

நாங்கள் இலவசம் கேட்கவில்லை. சாவியைக் கொடுங்கள், குடிவந்த மாதத்திலிருந்து தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுவசதி வாரியம் எத்தனையோ வீடுகளை ஒரு காலத்தில் தவணை முறையில்தான் விற்றது. கட்டி முடித்த பிறகு கிரையப் பத்திரம் வாங்கியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

குடியிருப்பு ஊருக்கு வெளியே இருக்கிறதே, இரவு ஒன்பதரைக்குக் கடை சாத்திய பிறகு எந்த பஸ் பிடித்துப் போவது என்றெல்லாம் இப்போது கேட்கப்போவதில்லை. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் ஸ்மார்ட் சிட்டி என்று வந்தபோது மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்திலேயே கார்களுக்குப் பல அடுக்கு மாடி கட்டினார்களே, அதைத் தாண்டித்தான் அக்கா தினமும் வேலைக்குப் போகிறார். ஊர் நடுவில் இடம், சிமெண்டுத் தளம், ராத்திரிக்கு வெளிச்சம். அங்கே வாங்குவதும் மணிக் கணக்குக் கட்டணம்தான். எந்தக் காரிடமும் பங்குத்தொகையை மொத்தமாகக் கட்டு, இல்லையென்றால் இடம் ரத்து என்று யாரும் சொல்வதில்லை. கொடுத்துவைத்த கார்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். 15 நாள் கெடுவை நிறுத்திவையுங்கள். பணம் கட்டாத காரணத்துக்காக யாருடைய ஒதுக்கீட்டையும் ரத்து செய்யாதீர்கள். மின்சாரமும் தண்ணீரும் வந்து சாவியைக் கொடுக்கும் நாளிலிருந்து, இந்தப் பகுதி வாடகைக்கு மிகாத மாதத் தவணையாகப் பங்குத்தொகையை வாங்கிக்கொள்ளுங்கள். இதை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள், பேங்கிலும் வீட்டு ஓனரிடமும் காட்ட உதவும். விளக்கக் கூட்டம் வைப்பதாக இருந்தால் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள். மற்ற நாளில் வந்தால் எங்களுக்கு அன்றைய சம்பளம் போய்விடும்.

இப்படிக்கு,
செல்லூர் ஒத்தி வீட்டுக் குடித்தனக்காரர்கள் சார்பாக, அவர்களில் ஒருவன்