எபேசுத் துறைமுகம் தூர்ந்த விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த பண்டைய எபேசு நகரின் கதை, ஜெர்மானிய இனத்தவரான கோத்தியரின் படையெடுப்போடு முடிந்ததாகத் தங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை கூறுகிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் கோத்தியர் அங்கிருந்த ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயிலைச் சூறையாடியது உண்மைதான். ஆனால் கி.பி. 431இல் திருச்சபைப் பொதுச்சங்கம் கூடியதும் அதே எபேசுவில்தானே! நகரை மெல்ல ஓயவைத்தது கைஸ்டர் ஆறு இறக்கிய வண்டல்.

தொடக்கத்தில் ஆர்ட்டெமிஸ் கோயிலின் வாசல்வரை கடல் வந்ததாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். கரை விலக விலக நகரும் மேற்கே நகர வேண்டியதாயிற்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிசிமாக்கஸ் மன்னன் புதிய நகரை அமைத்தான். பழைய ஊரை விட்டுவர மறுத்த மக்களை, அடைமழை நாளில் வடிகால்களை அடைத்து வெள்ளம் ஏற்றி அவன் கிளப்பினான் என்கிறார் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ.

கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான செய்தி அடுத்து வருவது. துறைமுக வாய் மிக அகலமாயும் உள்ளே இடையிடையே திட்டுகளாயும் இருந்தன. பெரிய சரக்குக் கப்பல்கள் நுழைய ஆழம் வேண்டுமென்று, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமம் அரசின் இரண்டாம் அத்தாலஸ் மன்னன் வாயில் கல்லணை போட்டு அதை ஒடுக்கினான். பொறியியலாளர்களும் அதையே சரியென்று நம்பினார்கள். நடந்ததோ நேர்மாறு. அணைக்குள் நீரோட்டம் தளர்ந்தது. தளர்ந்த நீர் மண்ணைச் சுமக்காது, அங்கேயே படியவிடும். முன்பு வெளிக்கடலுக்குப் போன சேறு உள்ளே சிறைப்பட்டு, வாய்வரை முழுத் துறையும் மேடிட்டது. முன்பு சேற்றை இழுத்துச் சென்றது வற்றுப்பெருக்கு என்பது ஸ்ட்ராபோவின் விளக்கம். ஏஜியன் கடலில் வற்றுப்பெருக்கு சொற்பம் என்பதால், அலைக்கும் காற்று நீரோட்டத்துக்கும் கூடுதல் பங்கு இருந்திருக்கும் என்பதே எங்கள் கருத்து.

அதன்பின் தூர்வாருவது ஓயாத வேலையாயிற்று. உரோமப் பேரரசர் நீரோ காலத்தில் ஆளுநர் பாரியா சொரானஸ் துறையைத் திறந்துவிட்டார். கி.பி. 129 அளவில் பேரரசர் ஹேட்ரியன் ஆற்றையே திருப்பிவிட்டார். 2ஆம் நூற்றாண்டு ஆளுநர் ஆணை ஒன்று கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது: கரையில் மரம் அடுக்கக் கூடாது, பாரத்தால் இறங்குதுறை சிதைகிறது, கல் அறுக்கக் கூடாது, அறுப்புக்குப் பயன்படும் குருந்தக்கல் தூள் ஆழத்தை நிரப்புகிறது. எங்கள் ஊர் ஜெட்டிகளில் மணல் குவிப்போரும் இதை ஒருமுறை படிக்கலாம். கடலை எட்ட நீண்ட கால்வாய் வெட்டியும் பயன் நிலைக்கவில்லை.

“திருகோணமலைக்கும் இதே கதி வரும்” என்ற கட்டுரையின் கடைசி வரியும் பொருந்தாது. மகாவலி ஆறு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவில் விழுகிறது. உள்துறைமுகம் இருப்பதோ குடாவின் வடபுறம். குடாவிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால் ஆற்றுமண் சரிந்திறங்க வழியுண்டு. எபேசுவில் கைஸ்டர் விழுந்ததோ ஆழமற்ற ஒடுங்கிய குடாவில்.

கட்டுரையுடன் வந்த வரைபடத்தில் நகரின் காலடியில் கடல் காட்டப்பட்டிருக்கிறது. அது உரோமர் காலக் கரை. இன்று பழைய துறை நாணல் மண்டிய சதுப்பு. கடல் அங்கிருந்து 5 கிலோமீற்றருக்கும் அப்பால். இரு கரைகளையும் ஒரே படத்தில் காட்டி மறுபடி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆர்வலர்கள் சிலர்,
திருகோணமலை.