புங்க மரத்தை ஆடி வரைக்குமாவது விட்டு வை

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் முட்டி வலியைத் தவிர நலம்தான் என்று கேள்விப்பட்டேன். பொங்கலுக்குப் பிறகு நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, கணக்குச் சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று உன் மகன் இவருக்குப் போன் போட்டு, திருச்சிப் பக்கம் மரம் வெட்டுகிற ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டிருக்கிறான். எந்த மரம், எதற்கு என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நம்பர் தேடிக்கொண்டிருக்கிறார்! நான்தான் திரும்பக் கூப்பிட்டேன். வாசல் புங்க மரமாம். அதை எடுத்துவிட்டு வாசல் முழுக்க சிமெண்ட் போட்டு டைல்ஸ் பதிக்கப் போகிறீர்களாம். "அம்மாதான் வெட்டச் சொல்றாங்க, பெரியம்மா" என்றான்.

அடிப்பாவி. அதுவும் சித்திரையிலா?

மாசியில் அது மொட்டையாக நின்று வாசலெல்லாம் சருகாகக் கொட்டியபோது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. இப்போது போய் நிமிர்ந்து பார்த்தாயா? எங்கள் தெருமுனையில் நிற்பதை நான் தினமும் பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன். முதலில் செம்பு நிறத்தில், தொட்டால் கசங்கிவிடும் போலத் துவண்டு தொங்கிய தளிர், சில நாளில் நிமிர்ந்து பளபளவென்று இளம்பச்சையாகி, வெயில் பட்டால் கண் கூசுகிறது. அப்புறம் பூ. கீழே கிடந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பின்னால் பழுப்பு நிறத்தில் குட்டிக் கிண்ணம், அதற்குள் அவரைப்பூ ஜாடையில் வெள்ளை இதழ், ஓரத்தில் லேசாக ஊதா ஓடியிருக்கிறது. இத்தனை வருஷம் மிதித்துக்கொண்டே போயிருக்கிறோம். சங்க காலத்திலேயே இதைப் பொரி என்று பாடியிருக்கிறார்கள், வகுப்பில் நடத்தும்போது நானும் நீயும் மனப்பாடமாகச் சொல்வோமே தவிர மரத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம். தண்ணீரே இல்லாத பங்குனி சித்திரையில் புங்கனும் அரசும் வேம்பும் ஏன் தளிர்க்கின்றன, மழை வந்த பிறகு நிதானமாகத் துளிர்க்கலாமே என்று. படித்துப் பார்த்தேன். ஆழ வேர் விட்ட மரத்துக்கு அடியில் ஈரம் கிடைத்துவிடுகிறது, பகல் நீள நீள அது விழித்துக்கொள்கிறது. முக்கியமான காரணம் பூச்சி. மழைக்குப் பிறகுதான் இலை தின்னிப் புழுக்கள் பெருகும், அதற்குள் இலை முற்றிவிட்டால் தப்பித்தது. முதுமலைக் காட்டில் இதை ஆராய்ந்து 1993-இல் எழுதியிருக்கிறார்கள், முந்தித் தளிர்த்த மரங்களுக்குத்தான் சேதம் குறைவாம். நாம் மின்விசிறிக்கு அடியில் கிடந்து முனகுகிற மாதத்தை அது பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறது, சரசு!

இலையில் விரல் விரலாக முடிச்சு வந்திருக்கிறது, மரத்துக்கு நோய் என்று உன் மகன் சொன்னான். அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை. புங்க மரம் என்றால் அது இருக்கும், பார்க்க அசிங்கமே தவிர மரம் ஒன்றும் சாகாது.

அடுத்த குற்றச்சாட்டு, மல்லி பூக்காததற்கு மரம்தான் காரணம் என்பது. பாதி உண்மை. மல்லிக்கு முழு வெயில் வேண்டும், நீ அதை நிழலில் நட்டுவிட்டு மரத்தைத் திட்டுகிறாய். மீதிப் பாதி, நீ செடியில் கத்திரியே வைப்பதில்லை. கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, இலையையும் உருவிவிட்டால்தான் மாசிக்கு மேல் புதுக் கிளையில் மொட்டுக் கட்டும். உனக்குக் கை வராது, தெரியும். என் செடியை வந்து பார். இவர் "தினமும் எத்தனை முழம்தான் கட்டுவாய், சாமிக்கே மூச்சு முட்டுது" என்கிறார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், என் வாசலுக்கும் சேர்த்துத்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அங்கங்கே ஊதா நிறமாகிப் போன மொட்டைப் பிரித்தால் உள்ளே புழு, அதை மட்டும் காலையில் கிள்ளிக் கிள்ளி எறிகிறேன். ஆடியில் ஒரு பதியன் போட்டுத் தருகிறேன், கிழக்குப் பக்கம் வை.

காகிதப்பூவையும் வெட்டச் சொல்லிவிடாதே. போன தடவை தினமும் வாளி வாளியாக ஊற்றி வெறும் இலையாக வளர்த்து வைத்திருந்தாய். காய விடு, தானாகக் கொட்டிக் குலுங்கும்.

சரி, இப்போது நிஜமாகப் பேசலாமா? உனக்கு மரம் பிரச்சினை இல்லை, விளக்குமாறுதான் பிரச்சினை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியற்காலையில் அந்த வாசலைக் கூட்டுகிறாய், இப்போது குனிய முடியவில்லை, மருமகளிடம் சொல்லக் கூச்சம், மரத்தை வெட்டு என்று சொல்வது சுலபமாக இருக்கிறது. எனக்குத் தெரியாதா உன்னை? ஹாஸ்டலில் காய்ச்சலோடு பக்கெட் தூக்கியவள்தானே. கூட்டாதே. புங்கம்பூ என்ன எச்சில் இலையா, விழுந்தால் கிடக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஆள் வைத்து ஒதுக்கி, செடிகளின் அடியில் போடு. அந்தக் காலத்தில் வயலில் தழையுரமாக மிதித்ததே இந்தப் புங்கந்தழையைத்தான். உன் வீடு மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் அந்த முன்னறையில் நீ படுக்க முடிகிறதென்றால் அது மரத்தால்தான். எல்லோரும் வேலைக்குப் போனபின் பிபி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிடக்கப் போவது நீ. டைல்ஸ் சூடு சுவரேறி உள்ளே வரும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஓயர் மேல் உரசுகிற கிளையை மட்டும் கழிக்கச் சொல். புங்கன் அதைத் தாங்கும். அதற்கும் மேல் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஆடியில் பேசிக்கொள்ளலாம், நானே வருகிறேன்.

வேப்பம்பூ காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், கொரியரில் வரும். புத்தாண்டுப் பச்சடிக்கு உங்கள் வீட்டில் கடையில் வாங்கியதாகக் கேள்வி, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அப்புறம், நம் சிநேகிதி குண்டூசி வைகாசியில் ஊருக்கு வருகிறாள், உன் வீட்டில்தான் தங்குவாளாம். அவளுக்கு ஏசி ஆகாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

மகனிடம் இன்றைக்கே நீ பேசிவிடு. நான் பேசினால் சண்டையாகிவிடும். இவரிடமிருந்து அந்த நம்பரை வாங்கிக் கிழித்துப் போட்டாயிற்று.

உன்,
கமலா